திருத்தங்கலில் இருந்தே டிசைன் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. பி.காம். முடித்துவிட்டு ஒரு பட்டாசுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு மொபைலில் கேன்வாவை வைத்து அழைப்பிதழ் செய்து கொடுப்பேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆன்லைனில் கிராஃபிக் டிசைன் படித்து அதையே தொழிலாக்க ஆசை. ஆறு மாத வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். தவணையில் கட்டலாம், வேலை உறுதி என்கிறார்கள். "இருக்கிற வேலையை விட்டுவிடாதே" என்கிறார் அப்பா. எனக்குப் படம் வரைய வராது. வீட்டில் ஒரு பழைய லேப்டாப் மட்டும் இருக்கிறது. சேரலாமா?
– பெயர் வேண்டாம், திருத்தங்கல்

பதில்: கட்டாயம் படியுங்கள். ஆனால் அந்த 45,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். இந்த விஷயத்தில் நான் உங்கள் அப்பா பக்கம்.

நான் 2001-ல் மதுரையில் ஒரு டிடிபி கடையில், பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் டைப் அடிக்கப் போனவள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. எனக்கும் படம் வரைய வராது, இன்றைக்கும் வராது. இந்தத் தொழிலில் முக்கால்வாசி, எழுத்தை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, சுற்றி எவ்வளவு இடம் விடுவது என்பதுதான். 2010-ல் அறிவித்தார்களே, நம் ரூபாய்க் குறியீடு, அதை உருவாக்கிய உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அந்தக் குறியீட்டில் படம் எங்கே இருக்கிறது? தேவநாகரி 'ர' எழுத்தும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒன்றில் ஒன்று பொருந்துகிற இடத்தை அவர் கண்டுபிடித்தார். அந்தக் கண்ணைத்தான் நீங்கள் பழக்க வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் என்ற கட்டண மென்பொருள்கள் செய்கிற வேலையைக் கற்க இன்க்ஸ்கேப் போதும். போட்டோ வேலைக்கு ஜிம்ப், புத்தகப் பக்கம் கட்டுவதற்கு ஸ்கிரைபஸ். மூன்றும் இலவசம். திருட்டு மென்பொருள் யாராவது தந்தால் வாங்காதீர்கள். பாடத்துக்கு, மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் டிசைன் வகுப்புகள் இருக்கின்றன. கேட்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஆன்லைன் வகுப்புகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை வைத்தே சொல்லித்தருகின்றன. உங்களைத் தேடி வரப்போகிற வேலையோ தமிழ். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், கோயில் கும்பாபிஷேக அழைப்பு, ஊறுகாய் லேபிள். நம் எழுத்தில் 'கி'யின் கொக்கி மேலே ஏறும், 'ளு' கீழே இறங்கும், 'ணை' பக்கவாட்டில் விரியும். ஆங்கிலத்தில் 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் வரி இடைவெளி போதும் என்று பாடத்தில் சொல்வார்கள். தமிழுக்கு நான் 14, 15 கொடுக்கிறேன். இல்லாவிட்டால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். தலைப்பு அழகாகத் தெரியட்டும் என்று ஆங்கிலத்தில் எழுத்துகளை விலக்கி வைப்பார்கள். அதைத் தமிழில் செய்தால் 'கொ'வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், படிக்கிறவர் தடுக்கி நிற்பார்.

அப்புறம், ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் அடித்தால் சில நேரம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கணினி கெட்டுவிட்டது என்று புதியவர்கள் பயந்துபோகிறார்கள். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் நல்ல பிள்ளைகள் சிலர் தமிழ் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் கேட்டமரன் (Catamaran), முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசம், வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். இவை யூனிகோடு, அதாவது இன்றைக்கு மொபைலிலும் இணையத்திலும் இருக்கிற பொதுவான எழுத்து முறை. ஆனால் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு முறை புழங்குகிறது. யூனிகோடில் அடித்ததைப் பாமினிக்கு மாற்றவும், பாமினியில் இருப்பதை யூனிகோடுக்குக் கொண்டுவரவும் பழகிக்கொள்ளுங்கள். வேலையை அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ் செய்து, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்புங்கள். அங்கே உள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது.

எந்த ஆன்லைன் வகுப்பாலும் தர முடியாத ஒன்று உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிவகாசியைச் சொல்கிறேன்! 2004-ல் ஒரு ஜவுளிக் கடைக்கு 5,000 நோட்டீஸ் செய்தேன். திரையில் பளிச்சென்ற நீலம். அச்சில் கத்தரிப்பூ நிறமாக வந்து நின்றது. அச்சில் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைதான் கலந்து நிறமாகும். அதில் சயானும் மெஜந்தாவும் இரண்டுமே 100 சதவீதம் வைத்திருந்தேன். மெஜந்தாவை 60-க்குக் கீழே இறக்கியிருந்தால் நீலமாக வந்திருக்கும். அதோடு, கீழே இருந்த முகவரி எழுத்தின் கறுப்பு நாலு கலரிலும் கலந்திருந்தது. ரிஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது, ஒரு மயிரிழை விலகியதும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு நிழல். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த நஷ்டத்தை என் இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்தான் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போகாமல், மெஷின் ஓடுகிற நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்குப் போங்கள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பவர்களை உங்கள் கடைக்காரருக்கே தெரிந்திருக்கும். அவரிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். பிளேட் எப்படி மாட்டுகிறார்கள், ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்கிறார்களே, கட்டிங்கில் அது எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மெஷின்காரரிடம் கேளுங்கள், "எந்த மாதிரி ஃபைல் வந்தால் உங்களுக்குத் தலைவலி அண்ணே?" என்று. அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும்போது, கிடைத்தால் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்.

ஆறு மாதம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் கட்டண வகுப்பில் சேர ஆசை இருந்தால், சேருமுன் கேளுங்கள்: என் வேலையை யார் திருத்துவார்? வாரம் எத்தனை முறை? போன வருட மாணவர்களின் வேலையைக் காட்டுவீர்களா? வேலை உறுதி என்பதை எழுத்தில் தருவீர்களா? திருத்துவதற்கு ஆள் இல்லாத வகுப்பு வெறும் வீடியோதான், அதற்கு 45,000 ரூபாய் அதிகம்.

இப்போது ஒரு வேலை தருகிறேன். வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். அதே வாசகங்கள், ஒரே எழுத்துரு, கறுப்பு மை மட்டும். பூ வேண்டாம், பிள்ளையார் படம் வேண்டாம், பார்டர் வேண்டாம். அளவையும் இடைவெளியையும் மட்டும் மாற்றி மூன்று விதமாகச் செய்யுங்கள். மின்னஞ்சலில் வேண்டாம். தாளில் பிரின்ட் எடுத்து இதழ் முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.