ஏ.கே.47 எந்த நிலையிலும் சுடும், எம்16 சிக்கிக்கொள்ளும் என்கிறார்களே, ஏன்? வாயுவால் இயங்கும் துப்பாக்கி எப்படித்தான் வேலை செய்கிறது?

பலரும் இதை "ரஷ்யத் துப்பாக்கி முரடு, அமெரிக்கத் துப்பாக்கி மென்மை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வாயுக் கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் வியட்நாம் போரில் எம்16 சிக்கிக்கொண்டது ஏன் என்பதும் புரிந்துவிடும்.

தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த அழுத்தம்தான் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குழலில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு துளை இருக்கும். குண்டு அதைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு துளைக்குள் புகுந்து ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டன், போல்ட்டை (தோட்டா இருக்கும் அறையின் பின்புறத்தை அடைத்துப் பூட்டும் பாகம்) சுமக்கும் கேரியரைத் தள்ளும். கேரியர் முதலில் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கும், அப்புறம் அதை இழுத்துக்கொண்டு பின்னால் போகும். காலி உறை வெளியே விழும். ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் சுடும் துப்பாக்கியில் இவ்வளவும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும்.

இதில் உயிர்நாடி பூட்டு திறக்கும் நேரம். சுட்ட கணத்தில் பித்தளை உறை உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் இறங்குவதற்குள் இழுத்தால் உறையின் விளிம்பு கிழியும், உறை அறையிலேயே தங்கிவிடும். அதனால்தான் கேரியர் போல்ட்டைத் தொடாமல் சில மில்லிமீட்டர் சும்மா நகரும்படி செய்திருப்பார்கள். அந்தச் சின்ன இடைவெளியை யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வாயுவால் துப்பாக்கியை இயக்கும் யோசனை அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்குக்கு 1889-இல் வந்தது. சுடும்போது குழல் வாயிலிருந்து வந்த காற்று எதிரே இருந்த செடிகளை வளைத்ததைப் பார்த்து, இந்தச் சக்தி வீணாகப் போகிறதே என்று நினைத்தார். அதிலிருந்து 1895 மாடல் இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. ரைஃபிளில் மெக்சிகோவின் மான்ட்ராகோன் 1908-இலேயே ராணுவத்துக்கு வந்தாலும் சேற்றில் திணறியது. ஒரு பெரிய ராணுவம் தன் எல்லாச் சிப்பாய்க்குமான துப்பாக்கியாக இந்த வகையை ஏற்றது 1936-இல், அமெரிக்காவின் எம்1 கேரண்ட் மூலம். அதன் ஆரம்ப வடிவம் குழல் வாயில் வாயுவைப் பிடித்தது. அது சரிப்படாமல், பிறகு குழலிலேயே துளை போட்டார்கள். ஜெர்மனியின் கெவேர் 41 ரைஃபிளும் குழல் வாயில் பிடித்துப் பார்த்துத் தோற்றது. கடைசியில் சோவியத்தின் எஸ்.வி.டி.40 ரைஃபிள் வைத்திருந்த வாயு அமைப்பைப் பின்பற்றித்தான் கெவேர் 43 வந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். 1949-இல் சோவியத் ராணுவம் ஏற்ற ஏ.கே.யில் பிஸ்டனும் கேரியரும் சேர்ந்தே ஓடும் ஒரே கனமான பாகம். தேவைக்கு மேலேயே வாயு கிடைக்கும், ஆகவே அழுக்கு சேர்ந்தாலும் தள்ளிக்கொண்டு போகும். குழலுக்கு உள்ளே குரோம் பூச்சு உண்டு. தோட்டாவின் உறையும் நல்ல சரிவோடு கூம்பியிருப்பதால் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் சொல்வதே இல்லை. விலையும் உண்டு: அவ்வளவு கனம் முன்னும் பின்னும் ஓடும்போது தொடர்ச்சியாகச் சுட்டால் குறி ஆடும்.

எம்16-ஐ வடிவமைத்த அமெரிக்கர் யூஜின் ஸ்டோனர் அதில் பிஸ்டன் கம்பியையே எடுத்துவிட்டார். ஒரு மெல்லிய குழாய் வாயுவை நேராகக் கேரியருக்குள் கொண்டுவரும். எடை குறையும், ஆட்டம் குறையும். ஆனால் கரியும் சூடும் உள்ளே வரும். அவர் வடிவமைத்தது ஒரு வகை மருந்துக்கு. ராணுவம் அதை மாற்றி, உருண்டை மணிகளாக இருக்கும் வேறொரு மருந்தைப் போட்டது. துளையில் அழுத்தம் கூடியது, சுடும் வேகம் கூடியது, கரியும் கூடியது. தோட்டா அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, வியட்நாமின் ஈரத்தில் துரு பிடித்தது. போதாக்குறைக்கு, சுத்தம் செய்யும் கருவிகள் பல பிரிவுகளுக்குப் போகவே இல்லை. உறை அறைக்குள் ஒட்டிக்கொள்ள, சண்டை நடுவே குழல் வாய் வழியாகக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கும் நிலைமை சிப்பாய்களுக்கு வந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. இறந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அறைக்குக் குரோம் பூசினார்கள், கேரியர் பின்னால் வந்து மோதும் பஃபரை மாற்றி வேகத்தைக் குறைத்தார்கள், சுத்தம் செய்யும் கருவிகளைக் கொடுத்தார்கள். கோளாறுகள் வெகுவாகக் குறைந்தன. எம்16 வரிசையில் ஸ்டோனரின் அந்த மெல்லிய குழாயை மட்டும் அமெரிக்க ராணுவம் மாற்றவில்லை; அதன் குட்டை வடிவமான எம்4 வரைக்கும் அதே ஏற்பாடுதான்.