திரையில் 600 லீற்றர், மண்டபத்தில் புழுக்கம்

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். விழா மண்டபத்து ஏசியில் வெளிக்காற்று டாம்பர் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு) 30 வீதம் திறந்திருக்கிறது. விநாடிக்கு 600 லீற்றர் காற்று வருவதாகத் திரை காட்டுகிறது. ஆனால் ஆட்கள் நிறைந்தால் கார்பன் டைஒக்சைட் 1,100 பிபிஎம்முக்கு ஏறிவிடுகிறது. பின்னேரங்களில் திரையில் காற்றின் அளவு மேலும் கீழுமாக ஆடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: தம்பி, திரை காற்றின் அளவைக் கணக்கிடுவது அழுத்த சென்சரை வைத்துத்தான். டாம்பரில் கை வைக்க முதல் அந்தச் சென்சர் எத்தனை பாஸ்கல் வரை அளக்கும் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டக்ட், அதாவது காற்று வரும் பெட்டிக் குழாய், 600க்கு 500 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 லீற்றர் போனால் வேகம் விநாடிக்கு 2 மீற்றர்தான். அது தரும் அழுத்தம் வெறும் 2.4 பாஸ்கல். 250 பாஸ்கல் வரை அளக்கும் சென்சருக்கு முழு அளவில் 1 வீதம் பிழை என்றாலே 2.5 பாஸ்கல் ஆகிவிடும். அளக்க வந்ததைவிடப் பிழை பெரிது! அப்படியானால் எந்தத் திருத்தமும் நிற்காது. 25 பாஸ்கல் சென்சர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சென்சர் பொருத்தமானது என்றால் அதன் சுழியத்தைப் பாருங்கள், அதாவது காற்று அசையாதபோது அது 0 காட்டுகிறதா என்று. இரண்டு ட்யூப்களையும் கழற்றி, இரு வாய்களையும் அசையாத காற்றில் விட்டுச் சுழியமாக்குங்கள். 1 பாஸ்கல் நகர்ந்திருந்தாலே 600 லீற்றர் 714 என்று தெரியும்.

அப்புறம் டக்டுக்குள் இருந்து சென்சருக்கு அழுத்தத்தைக் கொடுக்கும் அளவுக் குழாயின் துளைகளுக்கு டோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஆனபடியால் உப்பு வெள்ளையாகப் படிந்து, ஊசி போகும் துளை பாதி அடைபட்டிருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். அதற்கு முன் சென்சர் பக்க ட்யூப்பைக் கட்டாயம் கழற்றுங்கள். காற்றடிக்கும் வேகத்தில் உள்ளேயிருக்கும் மெல்லிய சவ்வு போய்விடும்.

இனி உண்மையான அளவு. இந்த வேகத்துக்கு ஹொட் வயர் அனிமோமீட்டர் (சூடான கம்பியால் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) தான் நல்லது. குறைந்தது 25 இடங்களில் அளக்க வேண்டும். 600 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சுவரிலிருந்து 44, 173, 300, 427, 556 என்று ஐந்து இடங்கள். உயரத்திலும் அதே விகிதத்தில் ஐந்து. நடுவில் மட்டும் பிடித்துப் பார்த்தால் காற்று கூடுதலாகவே தெரியும். சராசரி வேகத்தைப் பரப்பால் பெருக்குங்கள்.

இதை டாம்பரின் ஒரு திறப்பில் மட்டும் செய்துவிட்டுக் கே எண்ணை (அழுத்தத்தைக் காற்றின் அளவாக மாற்றத் திரை பயன்படுத்தும் எண்) மாற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஃபேன் வேகத்தை மாற்றாமல் 15, 30, 50, 100 வீதத்தில் அளந்து, ஒவ்வொன்றையும் திரை சொல்வதோடு ஒப்பிடுங்கள். விகிதம் எங்கும் ஒன்றாக இருந்தால் கே எண்ணை மாற்றலாம். சிறிய திறப்புகளில் மட்டும் பிழை பெருகினால் குற்றம் சுழியத்தில். கே எண்ணைத் தொடாதீர்கள். 30 வீதத்துக்கு ஒருமுறை மூடிய நிலையிலிருந்து வாருங்கள், ஒருமுறை திறந்த நிலையிலிருந்து வாருங்கள். இரண்டுக்கும் காற்று வேறுபட்டால் இணைப்புத் தண்டின் திருகு தளர்ந்திருக்கும்.

பின்னேர ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காற்றுத்தான் காரணம். வெளிக்காற்று உள்ளே வரும் ஜன்னல் கடல் பக்கம் பார்த்தால் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்றும் மார்கழி, தையில் வாடையும் தள்ளும்; மேற்கே பார்த்தால் கச்சான் காற்று. ஆகவே அளவெடுப்பைக் காற்றில்லாத விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மண்டபம் நிறைந்த நேரத்தில் ஒரே மீட்டரால் மண்டபத்திலிருந்து திரும்பும் காற்று, ஏசி மண்டபத்துக்கு அனுப்பும் காற்று, வெளிக்காற்று மூன்றிலும் கார்பன் டைஒக்சைட்டை அளந்து பாருங்கள். ஒரே மீட்டர் என்றால் அதன் பிழை கழித்தலில் போய்விடும். உதாரணமாக 1,100, 1,005, 420 வந்தால், முதல் இரண்டின் வித்தியாசமான 95ஐ, முதலுக்கும் கடைசிக்குமான வித்தியாசமான 680ஆல் வகுக்க 14 வீதம். அனுப்பும் காற்றில் வெளிக்காற்றின் பங்கு அதுதான். ஃபேன் விநாடிக்கு 3,000 லீற்றர் அனுப்பினால் வெளிக்காற்று 420 லீற்றர்தான். திரையின் 600 பொய். ஆனாலும் உடனே டாம்பரை அகலத் திறக்க வேண்டாம். நமது ஈரக்காற்றில் ஒவ்வொரு 100 லீற்றரும் ஏசிக்குச் சுமார் 4 கிலோவாட் சுமை. ஏசியின் குளிரூட்டும் கொயில் தாங்குமா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள்.