பிரேக் காலிப்பர் மாற்றிய பிறகு பெடல் பஞ்சு போல அமுங்கினால்

வணக்கம். முன் சக்கரங்களின் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டையும் நீங்களே மாற்றி, பிரேக் குழாய்களிலிருந்து மூன்று தடவை காற்று எடுத்தும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெடல் கெட்டியாகும்வரை தயவுசெய்து வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ப்ளீடர் நிப்பிள், அதாவது காற்றை வெளியே விடும் சின்னத் திருகு, காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கமா? கீழே இருந்தால் இடது வலது மாறிப் பூட்டியிருக்கிறீர்கள். காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை லிட்டர் பிரேக் ஆயில் விட்டாலும் வெளியே வராது. நானும் ஒரு ஞாயிறு முழுவதும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் சுத்தமான ஆயில்தான் வந்தது, அதனாலேயே சந்தேகம் வரவில்லை.

சரி, நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால், எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை வேகமாக மிதியுங்கள். மேலே ஏறி வந்தால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது பின் டிரம் பிரேக்கில் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம். அழுத்திப் பிடிக்கும்போது மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) சீலைச் சந்தேகப்படுங்கள். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தீர்களா? பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வழக்கமாகப் போகாத துருப் பகுதியில் உரசி சீல் கிழியலாம். அடுத்த தடவை பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.