மகன் மிஷனெரியாகப் போகிறான், டீ கூடப் போடத் தெரியாது. மூன்று மாதத்தில் என்ன கற்றுக்கொடுப்பது?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. ஒரு மிஷனெரி சங்கத்தில் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஜூன் மாதம் ஜார்க்கண்டில் சாஹிப்கஞ்ச் மாவட்டத்துக்கு அனுப்புகிறார்கள். பள்ளியிலிருந்தே ஹாஸ்டல் சாப்பாடு. அடுப்புப் பக்கம் போனதே இல்லை. எங்கள் சபையில் ஒருவர் சாம்பார் மிக்ஸ், புளியோதரை மிக்ஸ், புரோட்டீன் பவுடர் எல்லாம் சேர்த்து ‘ஊழியர் கிட்’ என்று 9,500 ரூபாய்க்குத் தருகிறார். அது போதுமா, இல்லை முதலிலிருந்து சமையல் கற்றுக்கொடுக்க வேண்டுமா?
- ஒரு தாய், நாசரேத்

பதில்: அந்தக் கிட்டை வாங்காதீர்கள் அம்மா. பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பணித்தளங்களுக்குப் போகிறவர்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கும் மனையியல் ஆசிரியை நான். பெட்டி நிறைய மிக்ஸ் கொண்டுபோகிற பிள்ளைகள் இரண்டு மாதத்தில் அதைத் தீர்த்துவிட்டு, அப்புறம் பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் நாளை ஓட்டுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். வயிற்றுப்புண்ணோடு ஊருக்குத் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

புரோட்டீன் பவுடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் வியாபாரம் சபைகளுக்குள் வந்து வெகுகாலம் ஆகிறது. ஊழியத்துக்குப் போகிற பிள்ளை என்றால் தாய் எதையும் மறுக்கமாட்டாள் என்று விற்கிறவருக்குத் தெரியும். கால் கிலோ துவரம்பருப்பில் 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. 23 வயது ஆரோக்கியமான பிள்ளைக்குப் பருப்பு, முட்டை, கடலை போதும், டப்பா வேண்டியதில்லை.

இனி உங்கள் மகன் போகிற இடத்துக்கு வருவோம். தாய்மார்கள் நினைக்கிற மாதிரி அது நம் சாப்பாடே கிடைக்காத ஊர் இல்லை. ஜார்க்கண்டில் புழுங்கல் அரிசி உண்டு, ‘உஸ்னா சாவல்’ என்று கேட்க வேண்டும். ‘அர்வா’ என்றால் பச்சரிசி. கொள்ளு அங்கே ‘குல்த்தி’, முருங்கை ‘முங்கா’, புளி ‘இம்லி’, கேழ்வரகு ‘மடுவா’. குளிர்காலத்தில் சந்தையில் குவியும் ‘பத்துவா’ நம் சக்கரவர்த்திக் கீரைதான். அந்த மாவட்டத்து ராஜ்மகால் மலை மேலே பஹாடியா பழங்குடி மக்கள் மக்காச்சோளமும் கம்பும் தட்டைப்பயறும் விளைவிக்கிறார்கள். தேங்காயும் கறிவேப்பிலையும்தான் சுலபமாகக் கிடைக்காது. இந்த இரண்டும் இல்லாமல் சமைக்கப் பழக்குங்கள், பாதிக் கவலை தீர்ந்துவிடும். வீட்டில் இன்றிலிருந்தே தேங்காயை நிறுத்துங்கள்.

குழம்பு வகைகளை வரிசையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். முதல் மாதம் சோறு, பருப்பு, ஒரு கீரை, அவ்வளவுதான். தினமும் அவனே செய்யட்டும். அரிசியைக் களைந்து, கல் பொறுக்கி, தண்ணீர் அளந்து, குழைந்தால் ஏன் குழைந்தது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் கரண்டியைக் கையில் எடுக்கக் கூடாது.

குக்கரில் பருப்பு வைப்பதை மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். தனி ஆளுக்கு மூன்று லிட்டர் குக்கர் போதும். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், அரை ஸ்பூன் எண்ணெய். எண்ணெய் விடுவது நுரை பொங்காமல் இருக்க. பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெயிட் உட்காரும் குழாய் வழியாகப் பார்க்க வேண்டும். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால்தான் மூடலாம். பருப்புத் தொலி ஒன்று உள்ளே காய்ந்து ஒட்டியிருந்தால் போதும், ஆவி போக வழியில்லாமல் ஆபத்தாகிவிடும். குழாயிலிருந்து ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போட வேண்டும். அடுப்பை அணைத்தபின் தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. பசியில் கரண்டியால் வெயிட்டைத் தூக்குகிற பழக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு உண்டு, அதை முதல் நாளே நிறுத்துங்கள்.

இரண்டாம் மாதம் கோதுமை மாவு பிசைவது, ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டை. மக்காச்சோள மாவில் ரொட்டி தட்டவும் பழகட்டும். அந்த மாவு கோதுமை மாதிரி இழுபடாது. வெந்நீர் விட்டுப் பிசைந்து, சப்பாத்திக்கட்டை இல்லாமல் கையால்தான் தட்ட வேண்டும். நாலு முறை உடைந்துதான் வரும். மலைக்கிராமத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து கூடமாட ரொட்டி தட்டத் தெரிந்தவனை அந்த வீட்டார் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்றாம் மாதம் கையில் வாரத்துக்கு இவ்வளவு என்று பணத்தைக் கொடுத்து, சந்தைக்கும் அவனே, அடுப்புக்கும் அவனே என்று விட்டுவிடுங்கள். நீங்கள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டால் இன்னும் நல்லது.

சமைப்பதைவிட வாங்குவதில்தான் வெளியூர்க்காரன் அதிகம் ஏமாறுவான். அங்கே உதிரியாக விற்கும் துவரம்பருப்பில் கேசரி என்ற வேறொரு பருப்பைக் கலப்பது பழைய மோசடி. துவரம்பருப்பு உருண்டையான வில்லையாக இருக்கும். கேசரி ஒரு பக்கம் சரிந்து கோடாலி முனை போல இருக்கும். மாதக்கணக்கில் அதையே நிறைய சாப்பிட்டால் கால்கள் விறைத்து நடை போய்விடும், போனது திரும்பாது. ஒரு கைப்பிடியை வெள்ளைத்துணியில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடுகு எண்ணெய்தான் அந்த ஊர் எண்ணெய். புகை வரக் காயவைத்து, சற்று ஆறவிட்டுத்தான் தாளிக்க வேண்டும், அப்போதுதான் காரநெடி போகும். உதிரியாக அளந்து ஊற்றுகிற எண்ணெயை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் உடம்பு வீங்கி, இதயம் பழுதாகிப் பலர் இறந்தார்கள். சீல் வைத்த பாக்கெட் நாலு ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை. மஞ்சளைக் கிழங்காக வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கட்டும். பளீரென்று மின்னும் மஞ்சள்தூளில் ஈயம் கலந்த சாயம் இருக்கலாம்.

மொத்தத்தில் கடையில் அரைத்து வைத்த எந்தப் பொடியும் வேண்டாம் என்பதுதான் என் விதி. ஆனால் அரைத்த மாவில் ஒன்று மட்டும் அவன் கையில் எப்போதும் இருக்க வேண்டும், சத்து மாவு. நம் ஊர்க் கஞ்சிமாவைச் சொல்லவில்லை. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ‘சத்து’ என்றால் வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. நூறு கிராமில் இருபது கிராம் அளவுக்குப் புரதம். ஏற்கெனவே வறுபட்டதால் அடுப்பே தேவையில்லை. கேஸ் தீர்ந்த நாளில், காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத நாளில், மலை ஏறி இறங்கும் நாளில் பிள்ளையைக் காப்பாற்றுவது இதுதான். இரண்டு கரண்டி மாவை ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பு, எலுமிச்சை, வறுத்த சீரகம், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுக் குடிக்கலாம். கெட்டியாகப் பிசைந்து ரொட்டிக்குள் பூரணமாகவும் வைக்கலாம். ஆனால் இதிலும் பட்டாணி மாவும் கேசரி மாவும் கலப்பார்கள். ஆகையால் முழுக்கடலை வறுத்து விற்கிறவரிடம் வாங்கி, மாவு மில்லில் முன்னால் நின்று அரைத்துக்கொள்ள வேண்டும். தோலோடு அரைத்தால் நிறம் சற்று மங்கலாக இருக்கும், அதில் தவறில்லை. வறுத்த கடலை வாசனை வர வேண்டும், கசப்போ சிக்கு வாடையோ வரக் கூடாது. ஒரு தடவைக்கு அரைக்கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம், மழைக்காலத்தில் கால் கிலோ போதும், ஈரம் கண்டால் வண்டு வந்துவிடும். இங்கேயே இரண்டு வாரம் குடித்துப் பழகட்டும். சிலருக்கு முதலில் வயிறு உப்பும், அப்புறம் சரியாகிவிடும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று எல்லாத் தாயும் சொல்லி அனுப்புகிறார்கள். சரிதான். ஆனால் சாஹிப்கஞ்சில் கங்கைக்கரை ஓரக் கிராமங்களில் சில கைப்பம்புத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிறது. அது கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடவே செய்யும். எந்தப் பம்பு சோதிக்கப்பட்டது, எது நல்லது என்று முதல் வாரமே பஞ்சாயத்திலும் சுகாதார ஊழியரிடமும் கேட்க வேண்டும். சோற்றுக்கும் பருப்புக்கும் ஊற்றுகிற தண்ணீருக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது கேஸ். வாடகை வீட்டுக்காரர் விலாசச் சான்று தரமாட்டார், அது இல்லாமல் இணைப்பு தரமாட்டார்கள். வெளியூர்ப் பிள்ளையை இப்படி அலையவிடுகிற முறையை யார் யோசித்தார்களோ தெரியவில்லை. இந்தச் சந்தில்தான் இடைத்தரகர் நுழைவார். ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று வேறொருவர் பெயரிலுள்ள சிலிண்டரை இரட்டை விலைக்குக் கொடுப்பார். அடுப்பு ரிப்பேர் கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து குட்டி சிலிண்டருக்குக் குழாய் போட்டு நிரப்பித் தருவார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது, உயிருக்கே ஆபத்து. விலாசச் சான்றே இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயிலில் அதற்கு 2020இல் ‘சோட்டு’ என்று பெயர் வைத்தார்கள். ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். இணைப்பு வாங்கினால், எங்களிடமே அடுப்பும் வாங்கு என்று ஏஜென்சி கட்டாயப்படுத்த முடியாது. சிலிண்டர் கழுத்துப் பட்டையில் வெறும் எடை பொறித்திருக்கும்; அதோடு ஐந்து கிலோ கூட்டினால் வர வேண்டிய எடை. தராசில் வைத்துக் காட்டச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அங்கேயே ‘பி-28’ என்பது போல எழுதியிருக்கும். ‘ஏ’ என்றால் மார்ச், ‘பி’ ஜூன், ‘சி’ செப்டம்பர், ‘டி’ டிசம்பர் வரை, பக்கத்தில் வருஷம். அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்கக் கூடாது.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பிய காலத்திலிருந்து நம் ஊர்கள் மிஷனெரிகளை அனுப்புகின்றன. நான் பார்த்த பயிற்சிகளில் மொழி, வேத பாடம், பிரசங்கம், கணக்கு எழுதுவது எல்லாவற்றுக்கும் மணி ஒதுக்குகிறார்கள். சமையலுக்கு மட்டும் ஒரு பீரியட் இல்லை. கேட்டால், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள். அவனோடு போகிற பெண்ணும் ஊழியத்துக்குத்தானே போகிறாள்? அவள் மொழி படிக்க வேண்டிய நேரமெல்லாம் அடுப்படியில் போவது யாருக்கும் உறைப்பதில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்துச் சீஷரைச் சாப்பிட அழைத்தார். அதைப் பிரசங்கிக்கிறவர்கள் தங்கள் பயிற்சி மாணவனுக்கு ஒரு அடுப்பு கொடுத்தால் என்ன? உங்கள் சபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள் அம்மா, தாய்மார்கள் கேட்டால்தான் நடக்கும்.

முதல் ஆறு மாதம் பார்சல் அனுப்பாதீர்கள். நீங்கள் சாம்பார்பொடி அனுப்பும்வரை அவன் அந்தச் சந்தையைத் திரும்பிப் பார்க்கமாட்டான். 9,500 ரூபாயில் நல்ல குக்கர், ஒரு இரும்புச் சட்டி, கத்தி, இரண்டு எவர்சில்வர் டப்பா வாங்கினாலும் மீதி இருக்கும். குக்கருக்கு மாற்று கேஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு இரண்டும் சேர்த்து வாங்குங்கள். அதே கம்பெனியின் பொருள்தானா என்று முத்திரையைப் பார்த்து, வீட்டிலேயே ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அவனே கழற்றி மாட்டட்டும்.