வாசகர் கேள்வி: பிரேசிலில் ஒரு சின்ன ஊர்

மகள் சாவோ பாவ்லோவில் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். ரியோ, இகுவாசு அருவி எல்லாம் அவள் காட்டுவாள். எனக்கோ ஒரு சின்ன ஊரில் நாலு நாள் சும்மா இருந்து பார்க்க ஆசை. முட்டை சாப்பிடுவோம், கறி, மீன் கிடையாது. பாஷையும் தெரியாது. சரிப்பட்டு வருமா?
– வாசகி, சோழவந்தான்

தாராளமாகச் சரிப்படும் அம்மா. எங்கள் வீட்டுக்காரர் வேலைக்காக பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில் குடியிருந்தபோது, அந்த மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துச் சின்ன ஊர்களில் நிறைய தங்கியிருக்கிறேன். அதில் திராடென்டிஸ் உங்களுக்குப் பிடிக்கும். தங்கம் தோண்டிய காலத்து ஊர். போர்ச்சுகல் ஆட்சியை எதிர்த்ததற்காக 1792இல் தூக்கிலிடப்பட்டவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் கட்டபொம்மனுக்கு ஏழு வருஷம் முந்தியவர்.

ஒன்று மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: சனிக்கிழமை போகாதீர்கள். வாரக் கடைசியில் பெரிய நகரத்துக் கூட்டம் வந்து இறங்கும். அப்போது பார்ப்பது ஊரே அல்ல. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேருங்கள். பக்கத்து ஊரான சாவ் ஜுவாவ் டெல் ரெய்யிலிருந்து 12 கிலோமீட்டர் நீராவி ரயில் உண்டு. 1881இலிருந்து இருக்கும் பாதை. தண்டவாளம் இரண்டரை அடி அகலம்தான், நம் பழைய போடி ரயிலின் மீட்டர் கேஜைவிடக் குறுகல். பெரும்பாலும் வாரக் கடைசியில்தான் ஓடும் என்பதால் ஞாயிறு போனால் அதுவும் கிடைத்துவிடும். மறுநாள் காலை ஊர் உங்களுக்கே.

என்ன செய்வது என்று திட்டம் போடாதீர்கள். காலையில் சாவ் ஜோசே நீரூற்றுக்கு நடங்கள். 1749இல் கட்டிய கல் சுவர், அதில் மூன்று முகங்கள், வாய்வழியே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். குடிக்க, துணி துவைக்க, மாடு குதிரைக்கு என்று அந்தக் காலத்திலேயே தனித்தனியாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் அந்தோனியார் கோவிலின் உள்ளே மரச்சிற்பம் முழுக்கத் தங்கப் பூச்சு. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள் தங்களுக்கென்று எழுப்பிய ரோசாரியோ கோவிலையும் அவசியம் பாருங்கள். அந்தத் தங்கத்தைத் தோண்டியது அவர்கள் கைகள்தானே! பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான்.

தெருவெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கல் பாவியது. முட்டி வலி இருந்தால் கெட்டியான ஷூ வேண்டும். ஜூன் இரவில் நன்றாகக் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். தட்டில் நாமே எடுத்துவைத்து, எடை போட்டுக் காசு கொடுக்கும் கடைகள் அங்கே சகஜம். சோறு, பயறு, பூசணி, வெண்டைக்காய், சௌசௌ, மெல்லிசாக நறுக்கி வதக்கிய கீரை எல்லாம் இருக்கும். பயற்றில் மட்டும் பன்றிக்கறித் துண்டு கிடக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். "கறி வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால் கோழியை வைத்துவிடுவார்கள். கோழி, பன்றி, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்கும்படி ஒரு சீட்டில் மகளை எழுதித் தரச் சொல்லுங்கள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் முட்டையும் பிசைந்து சுட்ட சின்ன உருண்டை ரொட்டியைச் சூட்டோடு சாப்பிடுங்கள். மேலே மொறுமொறு, உள்ளே இழுபடும். திங்கள், செவ்வாயில் சில கடைகள் பூட்டியிருக்கும். தங்குமிடத்தில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாஷைக்கு மூன்று வணக்கம் போதும். காலையில் "போம் ஜியா", மத்தியானம் "போவா தார்ஜி", இரவில் "போவா நோய்ச்சி". கடைக்குள் நுழைந்ததும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சு. சாயங்காலம் நடுச்சதுக்கத்து மரத்தடி பெஞ்சில் இருவரும் உட்காருங்கள். சேலையைப் பார்த்து யாராவது நிச்சயம் பேச வருவார்கள்.

பிரேசில் போய்த் திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்களாமே?
– வாசகர், திருமங்கலம்

ஆமாம், நம் நாட்டு விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். பிறகு ஆயுசுக்கும் போதும். அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.