தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவும் கணினி பழுதுபார்க்கவும் எந்த மல்டிடூல் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் இரண்டு ஆசைகளை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடிந்திருக்கும் கருவி, அதாவது மல்டிடூல், எப்போதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அதை வைத்தே மடிக்கணினியையும் மேசைக் கணினியையும் பிரித்து மாட்ட வேண்டும். முதல் ஆசைக்கு நல்ல மல்டிடூல்கள் எத்தனையோ உண்டு. இரண்டாவதற்கு அவை பாதிதான் உதவும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நான் அது தெரியாமல் வாங்கியவன். நண்பரின் மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி (தகவல்களைச் சேமிக்கும் பாகம்) மாற்றித் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த மல்டிடூலை எடுத்தேன். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ. ஒன்பது வந்துவிட்டன. கீலுக்குப் பக்கத்தில் இருந்த பத்தாவது கொஞ்சம் இறுக்கம். டிரைவரின் முனை குழிக்குள் முழுதாக இறங்கவில்லை என்பது கைக்குத் தெரிந்தது. ஆனாலும் அழுத்தித் திருப்பினேன். கிறீச்சென்று ஒரு சத்தம், விரலில் ஒரு வழுக்கல். குனிந்து பார்த்தால் ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறியைக் காணோம். பளபளவென்று ஒரு குட்டிக் கிண்ணம்தான் இருந்தது. ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில் டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவில் கழற்றி மாட்டும் டிரைவர் முனை) ஒன்றை இரவல் வாங்கி, அந்தக் கிண்ணத்தில் அழுத்திப் பதித்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி வெளியே எடுத்தேன். பத்து நிமிட வேலை ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிட்டது. நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் கூசியது.

ஆகவே ஸ்க்ரூவிலிருந்து தொடங்குகிறேன். பேச்சில் நாம் 'ஸ்டார்' என்பது பெரும்பாலும் பிலிப்ஸ், அதாவது கூட்டல் குறி. உண்மையிலேயே நட்சத்திரம் போல ஆறு முனை கொண்டது டார்க்ஸ். ஸ்டார் பிட் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டுத் தவறானதை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். பிலிப்ஸிலும் அளவு இருக்கிறது. மேசைக் கணினியின் பெட்டி, பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பொதுவாக பிஎச்2 (பிஎச் என்றால் பிலிப்ஸ், எண் குறைந்தால் முனை சிறிது). மடிக்கணினிக்குள் போனால் பிஎச்1, பிஎச்0, சில இடங்களில் அதைவிடச் சிறியது. எம்.2 எனப்படும் சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வெறும் 2 மி.மீ. தடிமன், கீழே விழுந்தால் விளக்குமாறு கொண்டுதான் தேட வேண்டும். சில மடிக்கணினிகளின் மூடியில் டி5 என்ற சிறிய அளவு டார்க்ஸ் இருக்கும். ஆப்பிள் மடிக்கணினி என்றால் ஐந்து இதழ் கொண்ட பென்டலோப். அதற்கான முனை எந்த மல்டிடூலின் உடலிலும் மடித்து வைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

சரியான அளவு இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு, எட்டாத தூரம். மல்டிடூலின் டிரைவர் தடித்த கைப்பிடியின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் ஓரத்தில், சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கை ஒட்டி இருக்கும் ஸ்க்ரூவை நோக்கி அதைக் கொண்டுபோனால் முனை போய்ச் சேர்வதற்கு முன்பே கைப்பிடி இடித்துவிடும். ஒரு சென்டிமீட்டர் ஆழக் குழிக்குள் இருக்கும் ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தவிர, திருப்பும் அச்சு கையின் நடுவில் இல்லாததால் முனை சாய்கிறது. சாய்ந்தால் வழுக்கும், வழுக்கினால் கிண்ணம்.

இந்தக் கருவிகள் பிறந்த கதையைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. டிம் லெதர்மேன் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, அடிக்கடி பழுதான காருக்கும் ஒழுகிய ஹோட்டல் குழாய்களுக்கும் அவரது பேனாக்கத்தி போதவில்லை; ஒரு குறடு இருந்தால் போதும் என்று தோன்றியது. 1983இல் விற்பனைக்கு வந்த அவருடைய முதல் கருவியும் குறட்டை மையமாக வைத்ததுதான். சுவிஸ் கத்தியின் வழி வேறு. 1891இல் சுவிஸ் வீரர்களுக்குக் கொடுத்த கத்தியில் ஸ்க்ரூ டிரைவர் இருந்ததற்குக் காரணம், அவர்கள் துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்க வேண்டும் என்பதே. ஒன்று பிடித்து இழுக்கப் பிறந்தது, மற்றொன்றுக்குப் பிரித்து மாட்டும் வேலை ஆரம்பத்திலேயே இருந்தது. கணினிக்காரர்களுக்கு இரண்டாவது பரம்பரை நெருங்கிய சொந்தம் என்பது என் கட்சி.

அதனால்தான் கணினிக்கென்றே ஒன்று கேட்பவர்களிடம் சுவிஸ் கத்தி செய்யும் விக்டரினாக்ஸின் சைபர்டூலை முதலில் பார்க்கச் சொல்கிறேன். கழற்றி மாற்றும் பிட்கள் உள்ளேயே ஒரு சின்ன உறையில் இருக்கின்றன, டார்க்ஸும் உண்டு. அதன் பிட் சாவியில் இருக்கும் 5 மி.மீ. அறுகோணக் குழி, விஜிஏ (பழைய வகை மானிட்டர்) கேபிள் செருகும் இடத்தின் இரு பக்கமும் இருக்கும் அறுகோணத் திருகுகளுக்காக வைத்தது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும். ஸ்க்ரூவைத் திருப்பினால் காலும் சேர்ந்து சுழன்றுகொண்டு வரும் அவஸ்தையைப் பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். குறை என்றால், கத்தி பூட்டாது, மடங்கிக்கொள்ளும். குறடு உள்ள மாடலை எடுத்தாலும் அது சின்னதாகத்தான் இருக்கும்.

லெதர்மேன் வேவ் போன்ற பெரியவை எனக்குப் பிடிக்கும். பெட்டிக்குள் விழுந்த ஸ்க்ரூவைக் கவ்வி எடுக்கவும், விரல் நுழையாத இடத்தில் ஜம்பரை (மதர்போர்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) பிடுங்கவும் அந்தக் கூர்மூக்குக் குறட்டுக்கு ஈடு இல்லை. ஆனால் வேவ் பிளஸ் 241 கிராம். பல கைபேசிகளைவிடக் கனம். முதல் வாரம் பெருமையாக இடுப்பில் இருக்கும், இரண்டாவது வாரம் பைக்குப் போகும், மூன்றாவது வாரம் மேசை இழுப்பறையில் தூங்கும். 142 கிராம் ஸ்கெலிடூலை நான் இரண்டு வருடமாகச் சுமக்கிறேன், கருவிகள் ஏழுதான். இரண்டிலும் பிட்கள் தட்டையான தனி வடிவம், மற்ற பிட்கள் நேரடியாகப் பொருந்தா. சாதாரண கால் அங்குல அறுகோண பிட்களை மாட்ட நீட்டிப்புத் தண்டு ஒன்று தனியாக வாங்க வேண்டும். அதை வாங்கினால் எட்டாத தூரம் என்ற பிரச்சினையும் ஓரளவு தீரும்.

இப்போது என்னிடம் இருப்பது இதுதான்: அந்த ஸ்கெலிடூல், கூடவே 4 மி.மீ. பிட்கள் போடும் பேனா அளவு ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. அதன் தலையில் சுழலும் மூடி உண்டு. ஆள்காட்டி விரலால் அதை அழுத்திக்கொண்டு மற்ற விரல்களால் உருட்டலாம். நுணுக்கமான ஸ்க்ரூவுக்கு இந்தப் பிடி போதும். மல்டிடூலோ பொட்டலம் பிரிக்கும், கேபிள் டை அறுக்கும், பெட்டியின் பெரிய ஸ்க்ரூவைக் கழற்றும். கேபிள் டையைக் கத்தியால் அறுக்காதீர்கள், குறட்டின் வெட்டு வாயால் அறுங்கள். ஒரு முறை கத்தியை விட்டு, டையோடு விசிறியின் ஒயரையும் சேர்த்து அறுத்தேன். மடிக்கணினியின் பேட்டரியை நெம்பவும் கத்தி கூடாது. லித்தியம் பேட்டரியில் கத்தி இறங்கினால் தீப்பிடிக்கலாம். கருவி முழுக்க உலோகம் என்பதால், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே உள்ளே கொண்டுபோங்கள்.

வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள எண்ணிக்கையை நம்ப வேண்டாம். பாட்டில் திறப்பான், அளவுகோல் எல்லாம் கணக்கில் சேர்ந்திருக்கும். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், முனைகள் சேர வேண்டும். டிரைவரை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இப்போதே ஆடினால் ஸ்க்ரூவில் இன்னும் ஆடும். நகம் உடையாமல் விரிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி விமானத்தில் போகிறவர் என்றால் கத்தியே இல்லாத மாடலை யோசியுங்கள். கைப்பையில் கத்தியை மறந்து வைத்துவிட்டுச் சோதனையில் பறிகொடுத்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

உங்களிடம் ஏற்கெனவே சுமாரான மல்டிடூல் ஒன்று இருக்கிறது என்றால் புதிதாக எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பிஎச்0, பிஎச்1, டி5 முனைகள் உள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்கள்.