திருடு போய்த் திரும்பி வந்த பைக் ஸ்டார்ட் ஆகவில்லை, எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: மூன்று மாதம் முன்பு திருடு போன என் பைக்கைப் போலீஸ் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். புது பிளக் போட்டேன், பெட்ரோல் ஊற்றினேன். எவ்வளவு உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: முதலில் உதைப்பதை நிறுத்துங்கள்.

2019-இல் என் ஸ்பிளெண்டர் மதுரை மாட்டுத்தாவணியில் காணாமல் போனது. 70 நாள் கழித்து ஒரு குட்டியானையில் ஏறி வீட்டுக்கு வந்தது. நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன்: புது பிளக், ஒரு லிட்டர் பெட்ரோல், அப்புறம் சட்டை நனைகிற வரைக்கும் உதை. கடைசியில் தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். "அண்ணே, பிளக் புதுசு, பெட்ரோலும் இருக்கு, ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "தம்பி, நேத்து வரைக்கும் நீ ஓட்டுன வண்டி நின்னா பெட்ரோலையும் பிளக்கையும் பாக்கலாம். இத கடைசியா ஓட்டுனது திருடன். அவன் எங்க கைய வச்சான்னு மொதல்ல பாரு."

பார்ப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து வையுங்கள். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கிறதா, ராவியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் ரிப்பேர் அப்புறம். முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். முழு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்குத் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்த்த பிறகு கை வையுங்கள். இரண்டு, கோர்ட் வழியாக வண்டியை வாங்கியிருந்தால் எழுதிக் கொடுத்த பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். விற்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனைகள் இருக்கும். கழற்றிப் போடும் பழைய பாகங்களையும் பில்லையும் ஒரு சாக்கில் கட்டி வைப்பது நல்லது.

சரி, வண்டிக்கு வருவோம். மெக்கானிக் அண்ணன் முதலில் பார்த்தது ஆயில் ஸ்டிக்கை. திருடன் ஆயில் மாற்றியிருக்க மாட்டான் இல்லையா? என் வண்டியில் ஸ்டிக்கின் நுனியில் மட்டும் தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அந்த நிலையில்தான் நான் நூறு உதை உதைத்திருக்கிறேன். பழையதை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். பிளக் ஓட்டை வழியாகவும் சில சொட்டு விட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக நாலைந்து முறை அழுத்தினார்.

அடுத்து பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் ஹெட்டில் படும்படி வைத்து உதைக்கச் சொன்னார். கரண்டே வரவில்லை. (இதைச் செய்யும்போது பெட்ரோல் டியூபும் டப்பாவும் தள்ளி இருக்கட்டும். ரப்பர் கேப்பை மட்டும் பிடியுங்கள்.)

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாவியை ஆஃப் செய்தால் வண்டி ஏன் நிற்கிறது? பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பிளக்குக்கான கரண்ட் பேட்டரியில் இருந்து வருவதில்லை. மேக்னெட் பக்கத்து காயிலில் இருந்து சி.டி.ஐ. யூனிட்டுக்கு (பிளக்கைப் பொறிய வைக்கும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி) வருகிறது. சாவியை ஆஃபில் வைத்தால், சி.டி.ஐ.யில் இருந்து வரும் ஒரு ஒயரைச் சாவி சுவிட்ச் எர்த்தோடு, அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு, சேர்த்துவிடும். கரண்ட் எர்த்துக்குப் போய்விடும், இன்ஜின் அடங்கிவிடும். ஆன் செய்தால் அந்தச் சேர்க்கை பிரிகிறது, அவ்வளவுதான். அதனால் திருடனுக்குச் சாவி தேவையே இல்லை. அந்த ஒரு ஒயரை எர்த்தில் இருந்து பிரித்தால் போதும்.

என்னுடையதில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர், எர்த் பச்சை. ஹெட்லைட்டைக் கழற்றியதும் உள்ளே நூடுல்ஸ் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. கறுப்பு வெள்ளையை வெட்டி, முறுக்கி, ஏதோ ஒரு டேப்பைச் சுற்றி விட்டிருந்தான். மழையிலும் வெயிலிலும் டேப் உரிந்து, வெறும் செம்புக் கம்பி ஹெட்லைட் கூட்டின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. சாவி எங்கே இருந்தாலும் சி.டி.ஐ.யைப் பொறுத்தவரை எப்போதும் ஆஃப்! அண்ணன் கம்பியை விலக்கிப் பிடித்து "இப்ப ஒதை" என்றார். பிளக்கில் நீலமாகப் பளிச்சென்று வந்தது.

ஆகவே பிளக்கில் கரண்ட் இல்லையென்றால் காயில், சி.டி.ஐ. என்று காசு கொடுத்து வாங்கும் முன் அந்த ஒயரைத் தனியாகப் பிரித்து ஒரு முறை உதைத்துப் பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் கோளாறு சாவிப் பக்கத்தில். வராவிட்டால்தான் மற்றவை. ஆனால் ஒன்று, இது பேட்டரி செத்திருந்தாலும் கிக்கரில் எடுக்கும் வண்டிகளுக்குத்தான் பொருந்தும். பேட்டரி கரண்டில் ஓடும் சி.டி.ஐ. என்றால் பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச் என்ற வரிசையில் போக வேண்டும். பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். என் பேட்டரிக்கு அந்தக் கவலையே இல்லை, அது இருந்த இடமே காலியாக இருந்தது.

கரண்ட் வந்தும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. 70 நாளில் 40 நாள் அது காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் நின்றது. (பிடிபட்ட வாகனங்களை நிலையத்தில் நெடுநாள் போட்டு வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. இன்னும் வண்டி கைக்கு வராதவர்கள் கவனிக்க: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ஆவது பிரிவில் கேட்டதை இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-இல் கேட்க வேண்டும்.) டேங்க் மூடியின் பூட்டு உடைந்திருந்ததால் மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்தது. கார்புரேட்டர் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். என்னுடையதில் ஒரு விரல் கடை உயரத்துக்கு நின்றது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது தண்ணீரை இழுக்கும். நின்ற பெட்ரோலின் மேல் புதிதாக ஊற்றிப் பயனில்லை; முழுக்க வடித்துவிடுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லோ ஜெட்டை (பெட்ரோல் போகும் பொடி ஓட்டை உள்ள சின்னத் திருகு) கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தெரிகிறதா பாருங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், கிளீனர் அடித்துக் காற்றுப் பிடித்தால் போதும்.

சிரிக்காதீர்கள், சைலன்சர் வாயையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தால் என்ன செய்தாலும் எடுக்காது. என் வண்டியில் அரைக் கூடு இருந்தது, பாவம், அதற்குள் கோர்ட் ரிலீஸ் ஆர்டர் வந்துவிட்டது போல.

உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் மேலே சொன்ன ஒயர் வேலையைச் செய்யாதீர்கள். நல்ல பேட்டரி போட்டு, சாவியை ஆன் செய்து காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனக வேண்டும். முனகாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வெட்டுப்பட்ட ஒயர். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சர்வீஸ் சென்டரில் எரர் கோடை (வண்டி காட்டும் கோளாறு எண்) படிக்கச் சொல்லுங்கள். கார் என்றால் கதை வேறு. திருடர்கள் வேறு சாவியைப் பதிவு செய்து உங்கள் சாவியை அழித்திருக்கலாம், கம்ப்யூட்டரையே மாற்றியிருக்கலாம். இன்ஜின் சுற்றியும் பிடிக்காமல் சாவி விளக்கு மினுக்கினால் ஆர்.சி.யோடு டீலரிடம் போவதே வழி.

வண்டி ஓடத் தொடங்கியதும் சாவி செட்டை முழுதாக மாற்றுங்கள். உடைந்த ஹேண்டில் லாக்கை மட்டும் மாற்றிவிட்டு நான் இரண்டு வாரம் ஓட்டினேன். டேங்க் மூடி, சைடு லாக், எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சாவி. பிரேக்கையும் செயினையும் பார்க்காமல் மெயின் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம். கடைசியாக, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அபராதம் ஏதும் நிற்கிறதா பாருங்கள். என் பெயரில் ஹெல்மெட் போடாமல் போனதற்கு ஒன்று இருந்தது. அந்தத் தேதியில் நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டி அதை நீக்க, வண்டியை ஸ்டார்ட் செய்ததைவிட அதிக நாள் பிடித்தது.